மறுப்புக்குப் பின் இரண்டாம் விண்ணப்பம்: கனடாவில் வாழ்க்கைத் துணைக்கான வதிவிட உரிமை

கனடாவின் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்ற ஒருவர், வெளிநாட்டில் வாழும் தம் கணவரை அல்லது மனைவியைக் கனடாவில் நிலையாகக் குடியமர்த்துவதற்குப் பொறுப்பேற்று அளிக்கும் விண்ணப்பம், சட்டத்தில் ‘குடும்ப வகுப்பு’ என்னும் பிரிவின்கீழ் அடங்குகிறது. தமிழர் பேச்சில் அது ‘ஸ்பான்சர் செய்வது’ எனப்படும். 1983க்குப் பின் இலங்கையின் போர்ச் சூழலிலிருந்து வெளியேறிய ஈழத்தமிழர் டொராண்டோவிலும் மான்ட்ரியலிலும் பெருந்தொகையாகக் குடியேறியதாலும், தமிழ்நாட்டிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் சென்றவர்கள் அங்கேயே நிலைகொண்டதாலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருச்சி, சென்னை எனப் பல ஊர்களின் வீடுகள் இந்த விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கின்றன. மறுப்புக் கடிதம் வரும்போது அவ்வீடுகளில் இரண்டு எண்ணங்களில் ஒன்று எழுவது வழக்கம்: எல்லாம் முடிந்துவிட்டது என்பது ஒன்று, அதே தாள்களை மறுபடியும் அனுப்பினால் வேறோர் அதிகாரி ஏற்றுக்கொள்வார் என்பது மற்றொன்று. சட்டத்தின்படி இரண்டுமே பிழையானவை. மீண்டும் விண்ணப்பிக்கக் கனடா தடை விதிக்கவில்லை, காத்திருக்கும் காலம் எதையும் பொதுவாக வரையறுக்கவுமில்லை. ஆயினும் முதல் மறுப்பு எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லாத இரண்டாம் விண்ணப்பம், முதலாவதன் வழியிலேயே செல்லும் வாய்ப்பு மிகுதி.

சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள்

2001இல் இயற்றப்பட்டு 2002 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம், பிரிந்திருக்கும் குடும்பங்களைக் கனடாவில் ஒன்றுசேர்ப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அந்நோக்கத்திற்கு ஏற்ப, பெற்றோரை அழைப்பவர் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வருமானம், வாழ்க்கைத் துணையை அழைப்பவரிடம் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. துணைவரின் நோய்க்கு ஆகும் மருத்துவச் செலவு நாட்டிற்குப் பெருஞ்சுமை என்னும் காரணம் காட்டி அவரைத் தடுக்கவும் இயலாது. இவ்வாறு பல தடைகளை விலக்கிவிட்ட சட்டம், எஞ்சிய ஒன்றில் மட்டும் கண்டிப்பாக நிற்கிறது: திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதே அது.

அந்த உண்மையை அளக்கும் விதி, சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவில் உள்ளது. குடிவரவு உரிமை பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்ட திருமணமும், உண்மையான இல்வாழ்க்கையாக அமையாத திருமணமும், குடிவரவுக்குத் திருமணமாகக் கருதப்பட மாட்டா என்று அது கூறுகிறது. 2010 செப்டம்பர் 30 வரை, இவ்விரு குறைகளும் சேர்ந்து இருந்தால்தான் விண்ணப்பத்தை மறுக்க முடியும் என்ற நிலை இருந்தது. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், இரண்டில் ஏதேனும் ஒன்று இருந்தாலே மறுப்பதற்குப் போதும் என மாற்றிவிட்டது. மீண்டும் விண்ணப்பிக்க எண்ணும் எவரும் முதலில் உணர வேண்டியது இந்த மாற்றத்தின் விளைவையே.

இரு கேள்விகளும் இருவேறு காலங்களைச் சேர்ந்தவை. திருமணம் உண்மையானதா என்பது நிகழ்காலக் கேள்வி. முடிவெடுக்கப்படும் நாளில் அவ்விருவரும் கணவன் மனைவியாக வாழ்கிறார்களா என்பதே அதன் பொருள். முதன்மை நோக்கம் எதுவாக இருந்தது என்பதோ இறந்தகாலக் கேள்வி. தாலி கட்டிய நாளில், அல்லது பதிவேட்டில் கையெழுத்திட்ட நாளில், இருவரின் மனத்திலும் என்ன இருந்தது என்பதை அது ஆராய்கிறது. மறுப்புக்குப் பின் கழியும் மாதங்கள் முதல் கேள்விக்குப் புதிய சான்றுகளைத் தாமாகவே சேர்த்துத் தரும், ஏனெனில் இருவரும் தொடர்ந்து பேசுகிறார்கள், சந்திக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பணம் அனுப்புகிறார்கள். இரண்டாம் கேள்விக்கான விடையோ பெரும்பாலும் திருமணத்திற்கு முந்தைய, அல்லது அதை ஒட்டிய நாள்களின் பதிவுகளிலேயே இருக்கும். அவற்றைத் தேடி எடுத்து வைக்காமல், திருமணத்திற்குப் பிந்தைய படங்களை மட்டும் ஆயிரமாக அடுக்கினாலும் அக்கேள்வி முழுமையாக விடை பெறாது. பிற்கால நடத்தை முற்கால நோக்கத்தின்மீது ஒளி பாய்ச்சக்கூடும் என்பதையும், திருமணம் எவ்வளவு உறுதியாக உண்மையானதெனத் தெரிகிறதோ அந்த அளவுக்கு அது குடிவரவுக்காகவே செய்யப்பட்டது என்னும் ஐயம் தளரும் என்பதையும் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. எனினும் இரு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை அளிப்பதே பாதுகாப்பான வழி.

உண்மைத்தன்மையை அளக்கும் சூத்திரம் எதையும் சட்டம் தரவில்லை. 2005இல் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவு வழங்கிய ஒரு தீர்ப்பில் தொகுக்கப்பட்ட அளவுகோல்களே இன்றுவரை பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. இருவரின் நோக்கம், உறவின் காலஅளவு, சேர்ந்து கழித்த நாள்கள், முதல் சந்திப்பிலும் நிச்சயதார்த்தத்திலும் திருமணத்திலும் அவர்கள் நடந்துகொண்ட முறை, திருமணத்திற்குப் பின் தொடர்ந்த தொடர்பு, பொருளுதவி, ஒருவரின் முந்தைய உறவுகளையும் அன்றாட வாழ்வையும் மற்றவர் அறிந்துள்ள அளவு, இரு குடும்பங்களுக்கும் இடையிலான பழக்கம், குழந்தைகள் இருந்தால் அவர்களின் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் விதம் ஆகியவை அவற்றில் அடங்கும். குழந்தை பிறந்திருப்பது திருமணத்தின் உண்மைத்தன்மைக்குச் சார்பான வலுவான அனுமானத்தைத் தரும் என 2010இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியுள்ளது. ஆனால் குழந்தை இல்லாமை எதிரான சான்றாகிவிடாது.

தமிழ்த் திருமணமும் அதிகாரியின் பார்வையும்

பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணத்தை அந்தப் பண்பாட்டின் அளவுகோலைக்கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது ஏற்கப்பட்ட நெறி. இந்நெறி விண்ணப்பதாரருக்குத் துணை நிற்பதோடு, அவர் எதிர்பாராத விதத்தில் எதிராகவும் திரும்பக்கூடும். சாதகம் பார்த்து, உறவினர் கூடி, பெரிய மண்டபத்தில் நடப்பதே தமிழர் திருமணம் என்று அறிந்துவைத்திருக்கும் அதிகாரி, இருபது பேர் மட்டுமே கூடிய கோயில் திருமணத்தையும், மாப்பிள்ளையின் பெற்றோர் வராத திருமணத்தையும், மணமகள் வயதில் மூத்தவராக உள்ள திருமணத்தையும், மணவிலக்குப் பெற்றவர் முதன்முறை மணம் செய்பவரை மணப்பதையும் வழக்கத்துக்கு மாறானவையாகக் கண்டு ஐயுறுகிறார். மாறுபட்டதற்குக் காரணம் இருந்தும், அது கோப்பில் எழுதப்படாமல் போனதே பல மறுப்புகளுக்கு வழிவகுக்கிறது.

எடுத்துக்காட்டாக, அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஈழத்தமிழர் ஒருவர், பெண் வீட்டார் வவுனியாவில் இருக்க, திருமணத்தைத் திருச்சியில் வைப்பதும், சில நாள்களிலேயே கனடா திரும்புவதும் வெளியாருக்கு விளங்காத செயலாகத் தோன்றலாம். தான் விட்டு வந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் மீண்டும் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட்டால் அவருடைய அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவரச் சட்டம் இடமளிக்கிறது என்பதையும், 2012 டிசம்பர் முதல் அத்தகைய முடிவு நிரந்தர வதிவிட உரிமையையும் சேர்த்தே பறிக்கக்கூடும் என்பதையும் எடுத்துச் சொன்னால்தான், அவர் இலங்கைக்குப் போகாததன் காரணம் அக்கறையின்மையன்று என்பது அதிகாரிக்குத் தெளிவாகும். அதேபோல், புரோகிதரும் சடங்குகளும் இன்றி மாலை மாற்றிச் செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம், 1967ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்கீழ் தமிழ்நாட்டில் முழுமையாகச் செல்லுபடியாகும். அதை அறியாத ஒருவருக்குச் சடங்கற்ற திருமணம் அவசரத்தில் ஒப்பேற்றியதாகத் தோன்றக்கூடும். ஒரு திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படியும் கனடாவின் சட்டப்படியும் செல்லுபடியாக வேண்டும் என்று ஒழுங்குவிதிகள் கோருவதால், பதிவுச் சான்றிதழோடு இத்தகைய சட்ட விளக்கத்தையும் இணைப்பது பயனளிக்கும்.

மறுப்புக் கடிதத்தைப் படிக்கும் முறை

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் விதிகளை மேற்கோள் காட்டிச் சுருக்கமாக முடிந்துவிடும். அதிகாரி உண்மையில் எதை நம்பவில்லை என்பது, குடிவரவுத் துறையின் கணினிக் கோப்பில் அவர் எழுதிவைக்கும் குறிப்புகளில்தான் விரிவாக இருக்கும். அக்குறிப்புகளைத் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். அதற்கான கட்டணம் 5 டாலர். கனடாவில் உள்ள ஸ்பான்சரே, துணைவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன் அக்கோரிக்கையை அனுப்பலாம். நேர்காணல் நடந்திருந்தால், கேட்கப்பட்ட கேள்விகளும் சொல்லப்பட்ட விடைகளும், எந்த விடை எதனோடு முரண்பட்டது என்பதும் அதில் தெரியவரும். இக்குறிப்புகளைப் படிக்காமல் அளிக்கப்படும் இரண்டாம் விண்ணப்பம், அதிகாரியின் ஐயம் எதுவென்றே அறியாமல் எழுதப்பட்டதாகிவிடும்.

காரணங்களை அறிந்தபின் எழும் முதல் முடிவு, மேல்முறையீடா புதிய விண்ணப்பமா என்பது. குடும்ப வகுப்பில் வெளிநாட்டிலிருந்து செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்டால், எழுத்துப்பூர்வமான காரணங்கள் கிடைத்த 30 நாள்களுக்குள் ஸ்பான்சர் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவை அணுகலாம். அது அதிகாரியின் தவறைத் தேடுவதோடு நின்றுவிடும் மன்றமன்று. வழக்கை முதலிலிருந்து புதிதாக விசாரித்து, அதிகாரி பார்க்காத சான்றுகளையும் ஏற்று, ஸ்பான்சரை நேரில் அல்லது காணொலி வழியாகவும் துணைவரைத் தொலைபேசி அல்லது காணொலி வழியாகவும், தேவையானால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் துணையோடு, விசாரிக்கிறது. மெய்ப்பிக்கும் பொறுப்பு மேல்முறையீடு செய்பவருடையது. உண்மையாக இருப்பதற்கான சாத்தியமே மிகுதி என்று காட்டுவது போதும், குற்றவழக்கில் வேண்டப்படும் ஐயத்திற்கு இடமற்ற உறுதி தேவையில்லை. மேல்முறையீட்டில் வென்றால் கோப்பு மீண்டும் விசா அலுவலகத்துக்குச் சென்று, எஞ்சிய சோதனைகள் தொடரும்.

கனடாவுக்குள் சேர்ந்து வாழும் இணையர்களுக்கென்றே உள்ள தனிப் பிரிவின்கீழ் விண்ணப்பித்தவர்களுக்கு இந்த மேல்முறையீட்டு உரிமை இல்லை. 15 நாள்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதி கோரி நீதிமுறை மறுஆய்வுக்குச் செல்வதே அவர்களுக்கு உள்ள வழி. அந்நீதிமன்றம் புதிய சான்றுகளைப் பொதுவாகப் பார்ப்பதில்லை. முடிவு நியாயமானதா என்று மட்டும் ஆராய்ந்து, நியாயமற்றதெனில் வேறோர் அதிகாரியிடம் திருப்பி அனுப்புகிறது. ஆகவே கனடாவுக்குள் வாழ்ந்துகொண்டே மறுப்புப் பெற்றவர்கள், அடுத்த முறை குடும்ப வகுப்பின்கீழ் விண்ணப்பித்து மேல்முறையீட்டு உரிமையைத் தக்கவைத்துக்கொள்வதைப் பற்றி எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரு வழிகளில் ஒன்றைத் தேரும்போது பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. ஒருமுறை தீர்ப்பளிக்கப்பட்ட அதே கேள்வியை, அதே தரப்பினர் மீண்டும் வழக்காட முடியாது என்பது பொதுச்சட்டத்தின் பழைய நெறி; 2001இல் டான்யலுக் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதன் நிபந்தனைகளைத் தெளிவுபடுத்தியது. இதனால், ஆயத்தமில்லாமல் மேல்முறையீட்டுக்குச் சென்று தோற்றவர் மீண்டும் விண்ணப்பித்து, அது மறுக்கப்பட்டு, இரண்டாவது முறை மேல்முறையீடு செய்தால், முடிவை மாற்றவல்லதும், முதல் விசாரணையின்போது தக்க முயற்சி எடுத்தும் பெற்றிருக்க முடியாததுமான புதிய சான்று இல்லாவிட்டால், வழக்கு விசாரிக்கப்படாமலே தள்ளுபடியாகக்கூடும். சான்றுகள் முழுமையாகக் கையில் இருந்தும் அதிகாரி அவற்றைச் சரியாக எடைபோடாதபோது மேல்முறையீடும், முதல் கோப்பே குறைபாடாக இருந்து, அதை நிறைவுசெய்யக் காலம் தேவைப்படும்போது புதிய விண்ணப்பமும் பொருத்தமானவை என்று பொதுவாகச் சொல்லலாம்.

பொய்க்கூற்று அல்லது உண்மையை மறைத்தல் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டவர்களுக்கு இத்தேர்வு இல்லை. அவர்கள் 5 ஆண்டுகள் கனடாவுக்குள் அனுமதிக்கப்படத் தகுதியற்றவர்களாகிறார்கள்; அக்காலத்தில் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. மறுக்கப்பட்டவர் ஸ்பான்சரின் துணைவராக இருந்தால், இக்காரணத்துக்கு எதிராகவும் ஸ்பான்சர் மேல்முறையீடு செய்யச் சட்டம் விதிவிலக்கு அளித்திருப்பதால், அந்த 30 நாள்களைத் தவறவிடுவது பல ஆண்டுப் பிரிவுக்கு வழிவகுக்கும்.

மேல்முறையீட்டால் தீராத மறுப்புகள்

சில மறுப்புகளில் உறவின்மீது ஐயமே எழுவதில்லை. சட்டத் தகுதியே குறையாகிறது. இருவரில் ஒருவர் நேரில் இல்லாமல், தொலைபேசி வழியாகவோ பதிலாள் மூலமாகவோ செய்யப்பட்ட திருமணங்கள் 2015 ஜூன் முதல் ஏற்கப்படுவதில்லை. அவ்வாறு மணந்தவர்கள் வாதாடிப் பயனில்லை. இருவரும் நேரில் இருந்து சட்டப்படி மணம் செய்து, அதன் அடிப்படையில் புதிதாக விண்ணப்பிப்பதே தீர்வு. முந்தைய திருமணம் முறையாக முறிக்கப்படாத நிலையில் நடந்த மறுமணத்துக்கும், மணவிலக்குத் தீர்ப்பைப் பெற்று மீண்டும் மணம் செய்வதே வழி. ஸ்பான்சர் சமூக உதவித்தொகை பெற்றுக்கொண்டிருந்தாலோ திவால் நிலையில் இருந்தாலோ, அந்நிலை நீங்கிய பின் விண்ணப்பிக்கலாம். உடல் ஊனத்துக்காகப் பெறும் உதவித்தொகை தடையாகாது. தாமே துணைவராக அழைக்கப்பட்டு வந்தவர், நிரந்தர வதிவிட உரிமை பெற்ற நாளிலிருந்து 5 ஆண்டுகள் கழியாமல் வேறொரு துணைவரை அழைக்க முடியாது.

இவற்றுள் மிகக் கொடிய விளைவைத் தருவது, ஸ்பான்சர் தாம் கனடாவில் குடியேறியபோது தம் திருமணத்தை அறிவிக்காமல் விட்டதாகும். அச்சத்தாலோ முகவரின் தவறான அறிவுரையாலோ அப்போது மறைக்கப்பட்ட துணைவர், குடும்ப வகுப்பிலிருந்து நிரந்தரமாக விலக்கப்படுகிறார். அவர் அவ்வகுப்பைச் சேராதவர் என்பதால், மேல்முறையீட்டுப் பிரிவு மனிதாபிமானக் காரணங்களைக்கூடப் பார்க்க இயலாது. இக்கடுமையைத் தணிக்க 2019 செப்டம்பரில் தற்காலிகப் பொதுக்கொள்கை ஒன்று தொடங்கப்பட்டு, பின்னர் நீட்டிக்கப்பட்டது. அதில் அடங்காதவர்கள், சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கோரலாம். விண்ணப்பிக்கும் நாளில் அக்கொள்கை நடைமுறையில் உள்ளதா என்பதைத் துறையின் அறிவிப்பில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

இரண்டாம் கோப்பு

மீண்டும் விண்ணப்பிப்பவர் படிவங்கள், கட்டணம், காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகிய அனைத்தையும் புதிதாகத் தொடங்குகிறார். முதன்முறை செலுத்திய பரிசீலனைக் கட்டணம் திரும்பாது. நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் மட்டும், மறுக்கப்பட்டால் திருப்பித் தரப்படும். முந்தைய மறுப்பைப் படிவத்தில் ஒளிவின்றிக் குறிப்பிட வேண்டும். பழைய கோப்பு துறையின் கணினியில் இருப்பதாலும், மறைத்தல் 5 ஆண்டுத் தடைக்கு இட்டுச் செல்லும் என்பதாலும், இதில் சிறு தயக்கத்துக்கும் இடமில்லை.

கோப்பின் முதல் தாளாக இருக்க வேண்டியது, மறுப்பின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் அதற்குரிய சான்றின் இடமும் காட்டும் கடிதம். முதன்முறை சந்தித்த நாளைப் பற்றிக் கணவன் ஒன்றும் மனைவி வேறொன்றும் சொல்லியிருந்தால், ஒருவர் பெண் பார்க்க வந்த நாளையும் மற்றவர் காணொலியில் பேசிய நாளையும் நினைத்துச் சொன்னதாக விளக்கி, அவ்விரு நாள்களுக்கும் உரிய பயணச்சீட்டையோ அழைப்புப் பதிவையோ இணைக்கலாம். விளக்கம் இல்லாமல் புதிய விடையை மட்டும் எழுதினால், பழைய விடையோடு அது மோதி மற்றொரு முரண்பாடாக நிற்கும். திருமண நோக்கத்தைப் பற்றிய கேள்விக்கு, இரு வீட்டாரும் பரிமாறிய சாதகக் குறிப்பு, தரகரோடு அல்லது திருமணத் தகவல் நிலையத்தோடு நடந்த கடிதத் தொடர்பு, நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய உரையாடல்கள், மண்டப முன்பதிவு, கூறைப்புடவையும் நகையும் வாங்கிய பற்றுச்சீட்டு, பொருத்தம் பார்த்த உறவினரின் சத்தியக்கடதாசி போன்ற அக்காலச் சான்றுகள் பேசும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் அதற்குரிய உறுதிமொழியும் வேண்டும்.

நிகழ்கால உறவைக் காட்டும் சான்றுகளில் எண்ணிக்கையைவிடத் தொடர்ச்சியே பெரிது. மறுப்புக்குப் பின் ஸ்பான்சர் மேற்கொண்ட பயணங்கள், அப்பயணங்களில் இருவரும் தங்கிய இடங்கள், மாதந்தோறும் அனுப்பிய பணம், காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் துணைவரின் பெயரைச் சேர்த்தது, இரு குடும்பத்தாரின் நல்லது கெட்டதுகளில் பங்கேற்றது ஆகியவை ஆண்டு வரிசையில் அமைந்தால், படிப்பவரின் கண்முன் ஒரு குடும்பம் உருப்பெறும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் அச்சிடப்பட்ட குறுஞ்செய்திகளைக் காட்டிலும், ஒவ்வொரு காலப்பகுதியிலிருந்தும் தேர்ந்த சில, என்ன பேசப்பட்டது என்ற குறிப்போடு இருப்பது மேலானது.

உதவியை நாடும்போதும் எச்சரிக்கை வேண்டும். கட்டணம் பெற்றுக்கொண்டு குடிவரவு விண்ணப்பங்களில் பிறருக்காகச் செயல்பட, மாகாணச் சட்டச் சங்கங்களில் பதிவுபெற்ற வழக்கறிஞர்களும் துணைச்சட்டப் பணியாளர்களும், கியூபெக்கின் நோட்டரிகளும், 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் உரிமம் பெற்ற ஆலோசகர்களும் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளனர். பலருக்கும் ஒரே கதையை எழுதித்தந்து, நேர்காணலுக்கு மனப்பாட விடைகளைச் சொல்லித்தரும் முகவர், உண்மையான திருமணத்தையே பொய்போல் தோன்றச் செய்துவிடுகிறார். அவர் செய்த தவறின் தண்டனையையோ விண்ணப்பதாரரே சுமக்க வேண்டியிருக்கிறது.

மறுப்பைக் குடும்பத்தின் அவமானமாகக் கருதி வெளியே சொல்லாமல் இருப்பதும், பெண்ணின் ராசி மீதோ மாப்பிள்ளையின் திறமையின்மை மீதோ பழி சுமத்துவதும் தமிழ்க் குடும்பங்களில் அரிதல்ல. அந்த மௌனத்தில் 30 நாள் கெடு கடந்துபோகிறது, திருமணக் காலத்துப் பற்றுச்சீட்டுகளும் உரையாடல்களும் தொலைந்துபோகின்றன, ஒருவர்மீது ஒருவருக்குள்ள நம்பிக்கையும் தேய்கிறது. அதிகாரி அளித்த முடிவு, அவர்முன் வைக்கப்பட்ட தாள்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. அத்தாள்களில் இல்லாத வாழ்க்கையை எடுத்துக்காட்டும் உரிமையைச் சட்டம் மீண்டும் அளித்திருக்கிறது. கடிதம் வந்த வாரத்திலேயே இரு குடும்பங்களும் சேர்ந்து அமர்ந்து, மறுப்பின் காரணங்களை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையான விடை எது, அதற்கான சான்று யாரிடம் உள்ளது என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினால், இரண்டாம் விண்ணப்பத்தின் பாதி வேலை அங்கேயே நிறைவேறிவிடும்.